ஐந்து நிமிடத்தில் நூறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த ஜிம்மைக் கண்டுபிடித்தவள் நான். நிக்டியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குப் பின்தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில், ஒழுங்காக ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாத இடம். காய் வாங்கப் போனபோது மேலே இரும்பு விழுகிற சத்தம் கேட்டு, அப்படி என்னதான் பண்ணுகிறார்கள் என்று படியேறிப் போய்ப் பார்த்தவள் நான். எட்டு மாதம் தனியாகப் போய், உள்ளங்கைத் தோல் கிழிந்து, புளி கரைக்கும்போதெல்லாம் எரிச்சலில் துள்ளியவளும் நான்தான். என் ஓரகத்தி அதற்கெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தவள்.

அவள் என் கொழுந்தனாரின் மனைவி. எங்களுக்கு மேல் ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். நான் கல்யாணமாகி வேலூர்ப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்தேன். அவள் இங்கேயே கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வாக்கியத்தில் இந்திக்குத் தாவிவிடுவாள். கராடியில் சாஃப்ட்வேர் வேலை, வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று ஒரு நாள் புலம்பினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "என்கூட வாயேம்மா, ஒரே மாசத்துல சரியாயிடும்" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். முதுகு சரியானது. அதோடு போயிருக்கலாம் அல்லவா? போகவில்லை.

அங்கே நாங்கள் தூக்குவது கெட்டில்பெல். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மாமியார், "இதென்னம்மா, இட்லிக் குண்டானுக்கு ஒத்தைக் காதை மேல ஒட்டின மாதிரி" என்றார். அதை ஒரு கையால் பிடித்து, கால்களுக்கு நடுவே பின்னால் வீசி, அந்த வேகத்திலேயே ஒரே இழுப்பாகத் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதற்கு ஸ்நாட்ச் என்று பெயர். முழங்கை முழுசாக நிமிர்ந்து, குண்டு மேலே ஒரு கணம் அசையாமல் நின்றால்தான் அது ஒன்று என்று கணக்கு. சோதனை என்பது ஐந்து நிமிடத்தில் இப்படி நூறு. கை மாற்றிக்கொள்ளலாம், வேண்டுமானால் கீழே வைத்தும் எடுக்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. எங்களுக்குப் பன்னிரண்டு கிலோ. கேட்பதற்கு என்ன பிரமாதம் என்றுதான் தோன்றும். மூன்றாவது நிமிடத்தில் சொந்தப் பெயரே மறந்துபோகும்.

சார் ஒரு நாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். சார் என்றால் ஜிம்மை நடத்துகிற மராத்திக்காரர். பெண்கள் எல்லோரையும் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார், அவர்கள் மொழியில் அக்கா. காலையில் பெண்களுக்கென்று தனியாக ஒரு பேட்ச் ஆரம்பிக்கப் போகிறாராம். அதை ஒரு பெண்தான் நடத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து சோதனை வைப்பார், யார் நூறைத் தாண்டி முதலில் வருகிறாளோ பேட்ச் அவளுக்கு.

பதினேழு வருஷமாக பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் எந்த ஃபாரத்தை நீட்டினாலும் தொழில் என்ற இடத்தில் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது. சமைப்பது கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் என்னை 'கோச்' என்று கூப்பிட வேண்டும். எனக்கு அது வேண்டும், அவ்வளவு வேண்டும். நாற்பத்தொரு வயதில் வெட்கத்தை விட்டு ஒன்றை ஆசைப்பட்டேன் என்றால் அது அதுதான்.

சோதனைக்குப் பெயர் கொடுத்தது ஆறு பேர். அதில் நாலு பேர் ஐம்பதைத் தாண்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்கிறவர்கள். மிச்சம் நானும் அவளும்.

அவளைப் பார்த்தால் என் வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான். கலப்படமே இல்லாத பொறாமை. எட்டு கிலோவிலிருந்து பன்னிரண்டுக்குப் போக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று, அவளுக்கு ஏழு வாரம். என் முன்னங்கையில் குண்டு இடித்து இடித்து நீலம் பாய்ந்து கிடக்கும், அவள் கை வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருக்கும். நீளக் கை அவளுக்கு. குண்டு அவள் சொன்னபடி கேட்கும். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்து, "நேச்சுரல்" என்றார். என்னிடம் அவர் அதிகபட்சம் சொன்னது, "மெஹனத் அச்சி ஹை, தாயி". உழைப்பு நல்லா இருக்காம்! உழைப்பு நல்லா இருக்கிறது என்று யாரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டிலும் இதே கதை. நான் ஜிம்முக்குக் கிளம்பினால் மாமியார், "இந்த வயசுல எதுக்கும்மா, இடுப்பு கிடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்பார். அவள் கிளம்பினால், "பாத்துப் போம்மா, தண்ணி பாட்டில் எடுத்துக்கினியா?" என்பார். இவளும் விடாமல், "அரே அத்தை, அக்காதான் எனக்கு குரு. அவங்களாலதான் நான் போறதே" என்று என்னைக் கட்டிக்கொள்வாள். நல்லவள் வேறு. கொஞ்சம் திமிராவது இருந்தால் தேவலை, நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பேன்.

எங்கள் ஜிம்மில் ஒரு வழக்கம் உண்டு. தன் எண்ணிக்கையைத் தானே எண்ணக் கூடாது. ஜோடி போட்டுக்கொள்ள வேண்டும். ஒருத்தி தூக்கும்போது மற்றவள் எதிரில் நின்று, கை நிமிர்ந்தால் மட்டும் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். நிமிராவிட்டால் 'நோ' என்று சொல்லி, பழைய எண்ணிலேயே நிற்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது, எண்ணுகிறவள் சொன்னதுதான் சட்டம். களைத்துப்போன பிறகு கை நிமிர்ந்ததா இல்லையா என்று தூக்குகிறவளுக்கே தெரியாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சனிக்கிழமைதோறும் முழு ஐந்து நிமிடம் ஒத்திகை. எண்ணிக்கையைச் சார் போர்டில் எழுதிவைப்பார். அவர் அந்த நேரத்தில் அடுத்த பக்கம் ஆண்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

அவளுக்கு யார் ஜோடி என்று சொல்லவே வேண்டாம்.

முதல் ஒத்திகையில் அவள் அறுபத்தொன்றில் இருந்தாள். முகத்தில் வியர்வைகூடச் சரியாக வரவில்லை. அடுத்ததைத் தூக்கினாள். கை குச்சி மாதிரி நேராக நின்றது. என் கண்ணால் பார்த்தேன். வாய் "நோ" என்றது.

திட்டம் போட்டுச் சொல்லவில்லை, சத்தியமாக. ஆனால் சொன்னதும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவள் முறைக்கவில்லை. "ஸாரி அக்கா" என்று மூச்சுக்கு நடுவே சொல்லிவிட்டு, அடுத்ததை இன்னும் நிதானமாக, இன்னும் நேராக நிறுத்தினாள். "அறுபத்திரண்டு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "நோ". போர்டில் அவளுக்கு எண்பத்தொன்பது விழுந்தது.

அதற்கப்புறம் அது பழகிவிட்டது. நிமிடத்துக்கு இரண்டு, சில நாள் மூன்று. அவள் சிரித்த முகமாக வந்த நாளில் நாலு. எப்போது சொன்னால் சந்தேகம் வராது என்பதும் எனக்குக் கைவந்துவிட்டது, கை மாற்றியதும் ஒன்று, மூச்சு வாங்கும்போது ஒன்று. இதைப் பண்ணிவிட்டு வீட்டுக்கு வந்து அவளுக்கும் சேர்த்துத் தோசை வார்த்திருக்கிறேன். ச்சீ, என்ன பிறவி என்று எனக்கே தோன்றும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சொல்வேன்.

என் முறை வரும்போது அவள் எதிரில் நின்று கண்கொட்டாமல் பார்த்து எண்ணுவாள். "எண்பது, கமான் அக்கா! எண்பத்தொண்ணு, பக்கா! அவ்ளோதான், இன்னும் கொஞ்சம்தான்!" ஒரு 'நோ'கூட அவள் வாயில் வந்ததில்லை. நூற்று ஒன்று, நூற்று மூன்று என்று என் எண்ணிக்கை போர்டில் ஏறிக்கொண்டே போனது. சார் ஓரிரு முறை அந்தப் பக்கத்திலிருந்தே, "தாயி, முழங்கை!" என்று இந்தியில் கத்தினார். போர்டைப் பாருங்க சார், அப்புறம் பேசுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள்தான் பாவம், குழம்பிப்போனாள். ஒரு நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனபோது, அங்கே என் குண்டை வைத்துக்கொண்டு தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்டுத்தான் எடுத்துப்போயிருந்தாள். "அக்கா, எனக்கு லாக்அவுட் கச்சா இருக்கு இல்ல? கை முழுசா நிமிர மாட்டேங்குது. நீங்க சொல்றது சரிதான். மேல ரெண்டு செகண்ட் புடிச்சுப் பாக்கறேன்" என்றாள். "ஆமாம்மா, நல்லாப் புடி" என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினேன். அவள் குண்டை மேலே நிறுத்திக்கொண்டு நின்றாள். நான் ஈரத்துண்டுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன், அப்போதும் அவள் அழகாகத்தான் தூக்கினாள்.

சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோத்ரூட் பக்கத்தில் வேறொரு ஜிம்மிலிருந்து எண்ணுவதற்கென்று ஒரு பெண்மணியைச் சார் வரவழைத்திருந்தார். ஒல்லியான உடம்பு, காதோரம் நரை, சிரிக்காத முகம். அவருக்கு நானும் ஒன்றுதான், அவளும் ஒன்றுதான்.

என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கையில் சாக்பவுடரைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் நிமிடம் இருபத்திரண்டு, ஜம்மென்று போனது. இருபத்து மூன்றாவதைத் தூக்கினேன். "நோ" என்றார் அந்தம்மா. என்ன நோ? கண்ணு தெரியலையா? அடுத்தது சரி. அதற்கடுத்தது மறுபடி "நோ". எனக்குத் தலைக்கேறிவிட்டது. கோபத்தில் வேகமாக வீசினேன், வேகமாக வீசினால் முழங்கை இன்னும் மடங்கும், இன்னும் "நோ". நான்காவது நிமிடத்தில் மூச்சு நெருப்பாக வந்தது. அந்தம்மா எழுபத்திரண்டிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓரத்தில் என் ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நேரம் முடிந்ததும் குண்டைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். நான் தூக்கியது நூற்று மூன்று. அந்தம்மா எழுதியது எண்பத்தெட்டு.

சார் ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். பார்த்தேன். அந்தம்மா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. என் முழங்கை கொடுக்காப்புளி மாதிரி வளைந்து நின்றது.

அடுத்து அவள். என்னத்தைச் சொல்ல! ஒவ்வொன்றையும் மேலே கொண்டுபோய், நிறுத்தி, "பாத்துக்கோ" என்பதுபோல் காட்டிவிட்டு இறக்கினாள். அந்தம்மாவின் வாயில் எண்ணைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. நூற்று ஏழு. ஒரு 'நோ' கிடையாது.

எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற நாலு பேரும் வழக்கம்போல் பாதியில் நின்றதும், சார் அங்கேயே, "லேடீஸ் பேட்ச் இனி இவங்களோடது" என்று அறிவித்து, அவளை நாலு வார்த்தை பேசச் சொன்னார். அவள் இந்தியில் பேசினாள். போர்டில் தன் எண் நூறைத் தொட்டதே இல்லை, அழுகையே வந்திருக்கிறது, ஆனால் தன் அக்கா மூன்று மாதம் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காமல் எண்ணினார்கள், சந்தேகமாக ஒன்று இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தக் கண்டிப்பில்தான் தன் கை நிமிர்ந்தது என்று சொன்னாள். சொல்லிவிட்டு எல்லோர் முன்னாலும் குனிந்து என் காலைத் தொட்டாள். சார் என் பக்கம் திரும்பி, "அசல் கோச் நீங்கதான், தாயி" என்றார். இப்போது எனக்காகக் கைதட்டினார்கள், அவளுக்குத் தட்டியதைவிடப் பலமாக. நானும் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள். டயர் கடையைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"உங்க கை நிமிரலைன்னு எனக்குத் தெரியும். முதல் நிமிஷம் தாண்டினா ஒவ்வொரு வாரமும் மடங்கும். நான் நோ சொல்லவே இல்ல. நீங்க அவ்ளோ கஷ்டப்பட்டு மூச்சு வாங்கறதப் பாத்தா மனசு கேக்கல அக்கா. டெஸ்ட்ல எப்டியாச்சும் வந்துடும்னு நெனச்சேன். நீங்க எனக்கு எவ்ளோ கரெக்டா எண்ணினீங்க! நான் உங்களுக்கு தோக்கா, துரோகம் பண்ணிட்டேன்."

"ஏண்டி சொல்லலை? மூணு மாசம் நின்னு பாத்துக்கினே இருந்தியே, ஒரு நாள் சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கத்தினேன். காய்வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். இவள் நல்ல மனசு என் பேட்ச்சைக் கொண்டுபோனது, என் கெட்ட மனசு அதை இவளுக்குக் கொடுத்தது. நடுத்தெருவில் உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

அவள் விசும்பினாள். "மன்னிச்சிடுங்கக்கா. ப்ளீஸ்."

நானும்தான் என்று ஆரம்பிக்க வேண்டிய வாக்கியம் தொண்டைவரை வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி, விடு" என்றேன். "இனிமே யாருக்கும் இப்படிப் பண்ணாதே."

"ப்ராமிஸ் அக்கா" என்றாள்.