மாமாவின் கைக்கு ஒரு ரிமோட்

மதுரையில் ஒரு கடையின் கண்ணாடி மேசைமேல் என் மாமனார் தன் வலது கையை விரித்து வைத்த அந்த நொடி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே வண்ண வண்ணமாகப் பொம்மை விமானங்களின் புரொப்பெல்லர்கள். மேலே, மூன்று ரிமோட்டுகளுக்கு நடுவில், பெருவிரல் பாதியோடு நின்றுபோன அந்தக் கை. “இதுக்கு எது ஆவும்னு பாத்துச் சொல்லுங்க” என்றார் கடைக்காரரிடம். கல்யாணமாகி ஏழு வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்தவள் நான். அந்தக் கையை முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெறுவதற்குப் பல வருஷம் முன்பு, சரக்கைக் கட்டும் கம்பிக் கயிறு இறுகியதில் பெருவிரலின் மேல்பாதி போய்விட்டது. ஆனாலும் கிரேனை விடவில்லை. உயரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் கையை யார் பார்க்கப் போகிறார்கள்? கீழே இறங்கிவிட்டால் அந்தக் கை பேண்ட் பைக்குள் போய்விடும். வீட்டில் கரண்டியால் சாப்பிடுவார். கல்யாண வீடுகளில் பந்தி தொடங்கும் நேரத்துக்கு அவருக்கு வயிறு சரியில்லாமல் போகும். எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற வருஷம், கீழவைப்பாரில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில், உப்பளங்களை ஒட்டிய பொட்டலில் நாலைந்து பேர் சின்ன விமானங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். சாயங்காலம் முகமெல்லாம் புழுதியோடு வீட்டுக்கு வந்தவர் அத்தையிடம், “ஏளா, ஒருத்தர் பிளேன தலைகீழா ஓட்டுதாரு! கீழ விழவே இல்ல!” என்றார். மாமா அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தை தண்ணீர்ச் செம்பை நீட்டியபடி, “அவருக்கு வேல வெட்டி இல்ல. உமக்குமா இல்ல?” என்று கேட்டார். “எனக்கும் இல்லதான், ரிட்டயர் ஆயிட்டேன்லா” என்று சிரித்தார் மாமா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் பொட்டலுக்குப் போனார். அங்கே எல்லாருக்கும் தலைவர்போல இருந்தவர் ஒரு பல் டாக்டர். விமானம் எதுவானாலும் பரவாயில்லை, ஒன்று உடைந்தால் இன்னொன்று வரும். ரிமோட்டைத்தான் யோசித்து வாங்க வேண்டும், அது வருஷக்கணக்காகக் கூட இருப்பது என்றார் அவர். “நாங்க எல்லாரும் வச்சிருக்க அதே கம்பெனி ரிமோட்ட வாங்கிருங்க அண்ணாச்சி. அப்பத்தான் உங்களுதையும் எங்களுதையும் இணைக்க முடியும். நீங்க தடுமாறினா நான் இங்கேருந்தே பிடிச்சுக்கிடுவேன்.” மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வலது கை பையை விட்டு வெளியே வரவில்லை.

நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். எதைச் செய்தாலும் முதலில் பட்டியல் போடுவேன். விமானத்தின் பாகங்களைத் தனித்தனியே இயக்க எத்தனை சேனல், எவ்வளவு தூரம் எட்டும், எத்தனை விமானங்களின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக் இடது பக்கமா வலது பக்கமா என்று மதிய இடைவேளைகளில் படித்து ஒரு நோட்டில் எழுதினேன். மதுரைக்குப் போகும் பஸ்ஸில் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எட்டையபுரம் வருவதற்குள் தூங்கிவிட்டார்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். மேசைமேல் மூன்று ரிமோட்டுகளை எடுத்து வைத்து, பல் டாக்டர் சொன்ன அதே ரிமோட்டை மாமாவிடம் நீட்டினார். வண்ணத் திரை, இரண்டு மேல்மூலைகளிலும் வரிசையாகச் சுவிட்சுகள். “என்ன இது, கப்பலையே இறக்கிரலாம் போலிருக்கே” என்று மாமா சிரித்தபடியே கையில் வாங்கினார். அதன் கனத்தை எட்டு விரல்களால் கீழே தாங்கிக்கொண்டு, பெருவிரல்களை மட்டும் ஸ்டிக்குகளின் தலையில் வைத்து ஓட்ட வேண்டும். இடது விரல் சரியாக உட்கார்ந்தது. வலது விரல் எட்டவில்லை. எட்டிய ஒரு தடவை வழுக்கி, ஸ்டிக் டக்கென்று நடுவுக்குத் திரும்பியது. மாமா அதை மெதுவாக மேசையில் வைத்தார். “வேண்டாம்மா. வா, போவோம்” என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிட்டார்.

நான் பின்னாலேயே ஓடினேன். எதிரே இருந்த டீக்கடையில் டீ வாங்கி அவர் இடது கையில் கொடுத்தேன். என் நோட்டில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. அவர் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த வெட்கம்தான் எனக்குத் தைரியம் தந்தது. “மாமா, கிரேன்ல லிவர எப்படிப் பிடிப்பிய?” என்று கேட்டேன். ஏழு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. மாமா டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பையிலிருந்து கையை எடுத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்தப் பாதி விரலோடு சேர்த்து, இல்லாத ஒரு லிவரை மேலிருந்து கிள்ளிப் பிடித்துக் காட்டினார். “இப்படி. பஞ்ச எடுக்க மாதிரி.”

அவ்வளவுதான் விஷயம். திரும்பக் கடைக்குள் போனோம். கையைக் கண்ணாடிமேல் வைத்தது அப்போதுதான். கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். கறுப்பு வெள்ளைத் திரை, ஆறே சேனல், பார்க்கப் பழைய டிரான்சிஸ்டர் மாதிரி இருந்தது. ஆனால் ஸ்டிக்கின் தலையைத் திருகி உயர்த்தலாம். கழுத்தில் வார் போட்டு, ஒரு தட்டில் வைத்து மாட்டிக்கொள்ளலாம். கனத்தைக் கை தாங்க வேண்டியதில்லை. மாமா மாட்டிக்கொண்டு ஸ்டிக்குகளைக் கிள்ளிப் பிடித்தார். வேகத்தைக் கூட்டும் இடது ஸ்டிக் படிப்படியாக டிக் டிக் என்று ஏறியது. “ஏ, கிரேன் லிவர் மாதிரி இதுல படி இருக்கு!” வலதைத் தன் பக்கம் இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும் என்றார் கடைக்காரர். “எங்க கிரேன்லயும் வலத இழுத்தாத்தான் சுமை மேல வரும்” என்றார் மாமா.

நான்தான் குறுக்கே விழுந்தேன். இது வேறு கம்பெனி. பல் டாக்டரின் ரிமோட்டோடு இணையாது. தடுமாறினால் பிடிக்க ஆள் இல்லை. மாமா வாரைக் கழற்றவே இல்லை. “அவரு பிடிச்சா அவரு ஓட்டுனதுல்லா. விழுந்தா விழட்டும், நான் ஓட்டி விழட்டும்” என்றார்.

விழுந்தது. ரிமோட்டோடு சேர்த்து வாங்கிய விமானம் முதல் ஞாயிற்றுக்கிழமையே விழுந்தது. கிளப்பியதெல்லாம் அழகாகத்தான் கிளப்பினார். போன விமானம் வளைந்து எங்களை நோக்கித் திரும்பி வந்தபோது அவர் இடதுக்கு ஒடிக்க, அது வலதுக்குச் சாய்ந்தது. இன்னும் ஒடித்தார், இன்னும் சாய்ந்தது. வரப்பைத் தாண்டி உப்புப் பாத்திக்குள் தலைகுப்புற இறங்கியது. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா அதை இறக்கையைப் பிடித்துத் தூக்கி வந்தார். “அண்ணாச்சி, உங்க கொக்கு உப்புத்தண்ணிய குடிச்சிட்டே!” எல்லாரும் சிரித்தோம், மாமாவைத் தவிர. பல் டாக்டர் நல்ல மனிதர். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்லவில்லை, ஆனால் முகத்தில் இருந்தது.

ஒரு வாரம் மாமா விமானத்தைத் தொடவில்லை. நான் ரிமோட்டை லேப்டாப்பில் இணைத்து, திரையிலேயே ஓட்டிப் பழகும் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். காலையில் காப்பி ஆனதும் உட்காருவார். காய் நறுக்கிக்கொண்டே அத்தை, “இன்னைக்கு எத்தனைய முறிச்சிய?” என்று கேட்பார். “நாலு.” “நேத்து ஏழு. முன்னேத்தம்தான்.” ஒருநாள் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னை மாமா கூப்பிட்டார். “எம்மா, கண்டுபிடிச்சிட்டேன். கிரேன்ல நான் உள்ள உக்காந்திருப்பேன். என் இடதுதான் கிரேனுக்கும் இடது. இப்ப நான் வெளிய நிக்கேன்லா. அது என் மூஞ்சியப் பாத்து வரும்போது அதோட இடது வேற, என் இடது வேற.”

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பார்க்கச் சிரிப்பாக இருக்கும். விமானம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் உடம்பைத் திருப்பிக்கொள்வார். அது அவரை நோக்கி வந்தால், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் திருப்பித் தோளுக்கு மேலாகப் பார்ப்பார். அடுத்த மாதம், கடல்காற்று சுமாராக இருந்த ஒரு காலையில், உப்புத்தண்ணீரில் கெட்டுப்போன, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை மாற்றிய அதே விமானத்தோடு மாமா அந்தப் பொட்டலில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். விமானம் வளைந்தது, திரும்பியது, எங்களைப் பார்த்து வந்தது, சாயவில்லை. மூன்று சுற்று. பிறகு இடது ஸ்டிக்கை ஒவ்வொரு படியாக இறக்கினார். அதுவும் இறங்கி, புழுதியைக் கிளப்பி ஓடி, அவர் காலுக்குப் பத்தடி தள்ளி நின்றது. பல் டாக்டர் ஓடிவந்து கையை நீட்டினார். மாமா தன் வலது கையைக் கொடுத்தார். இரண்டு பேரும் விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த ஆட்டம் தேவைப்படாமல் போயிற்று. இப்போது நின்ற இடத்தில் நின்றபடியே ஓட்டுகிறார். எனக்கென்று நானும் ஒரு ரிமோட் வாங்கிவிட்டேன். வண்ணத் திரையுள்ளது, சுவிட்சுகள் நிறைய. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அவருடையது ஒத்துவரவில்லை. இரண்டு விமானங்களும் ஒன்றாக மேலே இருக்கும்போது, “தள்ளிப் போ, என் வழிக்கு வராத!” என்று அவர் போடும் சத்தம் உப்பளம் வரைக்கும் கேட்கும்.

போன மாதம் என் கணவர் கப்பலிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். இன்ஜின் அறையிலேயே நாளைக் கழிப்பவர். எங்கள் கூத்தைப் பொட்டலின் ஓரத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். கடைசியில் தாங்க முடியாமல், “அப்பா, நானும் ஒண்ணு வாங்கணும். எந்த ரிமோட் வாங்க?” என்று கேட்டார். நான் நோட்டை எடுக்கப் பையைத் திறந்தேன். அதற்குள் மாமா கழுத்து வாரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

“மொதல்ல கைய நீட்டுலே, பாப்போம்” என்றார்.