எழுத்து விழும் சத்தம்

சட்டத்தரணி ராஜரத்தினத்தின் அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் பாலாம்பிகை. கண்டி நீதிமன்றத்துக்குப் போகிற வழியில், மாடியில், இருபத்திரண்டு வருஷமாக ஒரே கதிரையில் உட்கார்ந்து. கண் எப்போதும் மூலப்படியில்தான் இருக்கும், விரல்கள் தாமாக ஓடும். ஒரு நாளைக்கு நாலு உறுதி என்றாலும் அசரமாட்டாள்.

போன வருஷம் மார்பில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்து, ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். உயிர் தப்பியது. கொட்டிய முடியும் முளைத்தது. விரல் நுனிகளில் உணர்ச்சி மட்டும் திரும்பி வரவில்லை. தடித்த துணியைச் சுற்றிக் கட்டியதுபோல் மரத்துக் கிடந்தன. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

"பேசாம வீட்டுல இரேன். என் சம்பளத்துல ஓட்டிக்கலாம்" என்றான் மாநகர சபையில் வேலை பார்க்கும் அவள் கணவன் தியாகராஜா. அவள் சேலையைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வேலைக்குத் திரும்பிய மூன்றாம் கிழமையே அது நடந்தது. பதினொரு பேர்ச்சஸ் காணி, உறுதியில் ஒரு பேர்ச்சஸ் என்று விழுந்திருந்தது. ஒன்று என்ற இலக்கத்தை இரண்டு தரம் அழுத்தியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். கையெழுத்துப் போட வந்தவர்கள் பேனாவோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் ராஜரத்தினத்தின் கண்ணில் பட்டது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுத்திருக்கலாமேம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

அலுவலகக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கும் யுகேஷின் கடைக்கு, வேறு கீபோர்ட் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க, அன்று மாலையே போனாள். மேசை ஓரத்தில் பழுப்பேறிய கீபோர்ட் ஒன்று, பாதி உடைந்து கிடந்தது. சும்மா ஒரு விசையை அழுத்தினாள். 'டிக்' என்று கணீரென ஒரு சத்தம். மறுபடி அழுத்தினாள். மறுபடி 'டிக்'.

"அது முப்பது வருஷத்துப் பழசுக்கா. ஒவ்வொரு விசைக்கும் கீழ ஒரு ஸ்பிரிங் இருக்கு. எழுத்து விழுந்தாத்தான் சத்தம் வரும். இப்ப அப்பிடி யாரும் செய்றதில்ல."

"இது வேலை செய்யுமா?"

"ஸ்பிரிங்கத் தவிர உள்ளுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல. வேற கெடைச்சா கொண்டு வாங்க. வயர் மாத்திக் குடுக்கிறேன்."

விரலுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடும். அந்த ஒரு நினைப்போடு தேட ஆரம்பித்தாள். கண்டி நகரத்துப் பழைய கம்ப்யூட்டர் கடைகளில் சிரித்தார்கள். கடுகண்ணாவையில் பழைய சாமான் வாங்குகிற ஒருவரின் முற்றத்தில் கீபோர்ட்கள் குவிந்து கிடந்தன. மழையில் ஊறி, சேறு ஏறி, அழுத்தினால் ஈர மண்ணைக் குத்துவது போல் இருந்தது. நான்காவது சனிக்கிழமைதான் கட்டுகஸ்தோட்டை சாஹுல் ஹமீதின் பெயரைக் கேள்விப்பட்டாள். மூடிய கம்பெனிகளின் பழைய கம்ப்யூட்டர்களை லொறி லொறியாக ஏலத்தில் எடுத்தவராம்.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடையில் வீட்டுக்கு வழி சொன்னார்கள். கதவைத் திறந்தது வெள்ளை உடுத்திய ஒரு பெண், அவருடைய மனைவி ஜெஸீமா.

"அவர் மவுத்தாகி, அடக்கி ரெண்டு மாசம் தங்கச்சி. நான் இத்தாவுல ஈக்கிறேன், நாலு மாசம் பத்து நாளைக்கு வெளிய வாறதில்ல. நீங்க பொம்பள, உள்ளுக்கு வாங்க."

விஷயத்தைக் கேட்டதும் பின்னறையைத் திறந்துவிட்டாள். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள், திரைகள், வயர்கள்.

"எனத்த வேணுமோ எடுத்துக்கோங்க. வாற கிழமை அஹ்னாப், என்ட மகன், எல்லாத்தயும் பழைய இரும்புக்குக் குடுக்கப் போறான்."

பாலாம்பிகை தரையில் குந்தி, ஒவ்வொன்றாக இழுத்து அழுத்தி, காதைக் கொடுத்தாள். சத்தமில்லாதவற்றை ஒதுக்கினாள். ஐம்பதுக்கு மேல் இருக்கும். கடைசியில் ஒரு பெட்டிக்கு அடியிலிருந்து செங்கல் கனத்தில் ஒன்று வந்தது. ஒவ்வொரு விசையும் சொன்னது, 'டிக்' 'டிக்' என்று.

"அல்லாஹ்வே! கையப் பாருங்க தங்கச்சி!"

குனிந்து பார்த்தாள். ஏதோ தகரம் கிழித்து, இரண்டு விரல்களிலிருந்து ரத்தம் வழிந்து விசைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வலிக்கல்லயா?"

"தெரியலீங்க அக்கா."

ஜெஸீமா தண்ணீர் கொண்டுவந்து கழுவி, பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிட்டாள். கட்டி முடித்த பிறகும் அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யுகேஷ் சொன்னபடி வயரை மாற்றிக் கொடுத்தான். சத்தம் வழக்குப் பேச வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பதால், ராஜரத்தினம் அவளைப் பழைய கோப்புகள் இருக்கும் பின்னறைக்கு மாற்றினார். அங்கே ஜன்னல் இல்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு 'டிக்'குக்கு ஓர் எழுத்து. நான்கு மாதம் ஒரு பிழை இல்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள், முழுப் பக்கத்தையும் அடித்துவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தாள். கண்டி 'ண்டி' ஆகியிருந்தது. காணி 'ாணி' ஆகியிருந்தது. பக்கத்தில் ஒரு 'க' கூட இல்லை. அந்த விசையை அழுத்தினாள். சத்தம் தெளிவாக வந்தது. எழுத்து விழவில்லை.

"உள்ளுக்குப் பிளாஸ்டிக் எல்லாம் உதிர்ந்து போச்சுக்கா. ஸ்பிரிங் அடிக்கும், ஆனா எழுத்து போகாது. இன்னைக்கு ஒரு விசை, நாளைக்கு இன்னொண்ணு" என்றான் யுகேஷ்.

மறுபடி கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். பின்னறை வெறுமையாக, சுண்ணாம்பு அடித்து, வாடகைக்கு விடத் தயாராக இருந்தது. இத்தா முடிந்து நிறச்சேலை உடுத்திருந்த ஜெஸீமா, கட்டிலுக்கு அடியிலிருந்து சீலையில் சுற்றிய இரண்டு கீபோர்ட்களை எடுத்துவந்தாள்.

"நீங்க கொண்டு போனது மாதிரியே கனமா ஈந்துச்சு. நீங்க திரும்பி வருவீங்கண்டு மகனுக்குத் தெரியாம எடுத்து வச்சேன்."

பாலாம்பிகை அழுத்திப் பார்த்தாள். இரண்டிலும் சத்தம் இல்லை.

"இதுதானே தங்கச்சி?"

"ஆமாங்கக்கா. இதேதான்."

இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினாள். யாரும் அழுகிறாயா என்று கேட்கவில்லை. அவள் அழவும் இல்லை.

திங்கட்கிழமை ராஜரத்தினத்திடம் தானாகவே போய்ச் சொன்னாள்: "வேற ஆளைப் பாத்துக்கங்க சார்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அதை எதிர்பார்த்திருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

பஸ்லினா என்ற பெண் அந்தக் கதிரைக்கு வந்தாள். பாலாம்பிகை இப்போது கிழமைக்கு இரண்டு நாள் வந்து, பஸ்லினா அடித்த உறுதிகளை மூலப்படியோடு ஒப்புப் பார்க்கிறாள். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டால் விரலுக்குத் தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு பக்கத்தின் இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்குகிறாள்.