நட்ட தேதி இல்லாத வாழை

ஜெயமங்கலத்து வாழை விவசாயிகளுக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். எது பயிர், எது ரகம், எதற்கு எது உறவு என்று செயலிக்குள் வகுத்துவைப்பது என் வேலை. ஒவ்வொரு மரத்துக்கும் நட்ட தேதி கட்டாயம் என்று வைத்திருந்தேன். முதல் நாளே ஒரு தோப்புக்கார அக்கா போனை நீட்டினார்.

"தேதி கேட்டுட்டு நகர மாட்டேங்குது தம்பி."

"நட்ட தேதியப் போடுங்கக்கா."

"நட்டது தாய்மரம். அதை வெட்டியாச்சு. இது பக்கக்கன்னு, தானா வந்துச்சு. இதை யாரு நட்டா?"

உத்தேசமாக ஒன்றைப் போடச் சொல்ல வாயெடுத்தேன். அப்படிப் போட்டால் அதை வைத்துச் செயலி சொல்லும் உரம் போடும் நாள் எல்லாமே தப்பாகிவிடும். வெட்கமாகிவிட்டது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து, செயலியில் பக்கக்கன்றுக்கு நட்ட தேதிக்குப் பதிலாக 'தாய்மரம்' என்ற உறவையும் அதை வெட்டிய நாளையும் சேர்த்தேன்.

"அந்த நாள் தெரியும்" என்று அக்கா நிதானமாக நிரப்பினார்.