என் தம்பி மறைத்து வைத்த ஒரே விஷயம்

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்கு முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. அங்கே இருக்கும் எங்கள் ஓபல் அத்தைக்குத் தொண்ணூற்றொரு வயது. அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன். அத்தை நன்றாகத்தான் இருந்தாள். இல்லத்துக்கு வெளியே, தன் பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே என் தம்பி ராய்ஸ் இறந்துபோயிருந்தான். மாரடைப்பு. வயது ஐம்பத்துநாலு. மடியில் ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் கிடந்தன.

அந்த அட்டைக்காகப் பதினேழு நாள் அலைந்தான். அதில் நான்கு நாள் என்னால் வீணானவை.

ராய்ஸ் ப்ரூயட்டை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வான்கோழி ஆலையில் இருபத்தாறு வருஷமாக இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன். மிசௌரி மாநிலத்தின் இந்த மலைப்பக்கத்தில் துப்பாக்கி இல்லாத வீடு குறைவு. அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி என் அலமாரியிலும் இருக்கிறது. ராய்ஸுக்கு மட்டும் வைத்திருப்பது போதவில்லை, ஊர் பார்க்கவும் வேண்டும். வண்டியின் பின்கண்ணாடியில் ஐந்து துப்பாக்கி ஸ்டிக்கர்கள், தொப்பியில் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர். வாரம் ஒரு படமாவது இணையத்தில் போடுவான். மூன்று வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் மரத்தின் முன்னால் சிவப்புச் சட்டையில் நின்று, புதிதாக வாங்கிய கைத்துப்பாக்கியைக் கன்னத்தோரம் பிடித்துப் படம் எடுத்து, முப்பத்தைந்து பேருக்கு வாழ்த்து அட்டையாக அனுப்பினான். நான் ஆசிரியையாக இருக்கும் பள்ளிக்கூட முகவரிக்கும் ஒன்று வந்தது. அலுவலகத்துப் பெண் பிரித்துப் பார்த்து என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு அவன் வீட்டுச் சமையலறையில் சண்டை போட்டேன். பக்கத்து வீட்டு ஆரின் ஸ்டாமும் இருந்தார். ஆரினிடம் எத்தனை துப்பாக்கி இருக்கிறது என்று அவர் மனைவிக்கே தெரியாது.

"ஏசு பிறந்ததுக்கு வாழ்த்தா, இல்ல நீ பிஸ்டல் வாங்கினதுக்கு வாழ்த்தா?" என்றேன்.

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டாம்ப். மிச்சம்தானே?" என்றான் ராய்ஸ், ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே.

"உன் வண்டில என்ன இருக்குன்னு நீயே எழுதி ஒட்டி வெச்சிருக்க. படிக்கத் தெரிஞ்சவன் எவனும் படிச்சுக்கலாம்."

"ஒளிச்சு வெச்சா நான் ஏதோ தப்பு பண்றேன்னு ஆயிடும். சட்டப்படி வாங்கினேன், ஒழுங்கா வெச்சிருக்கேன். மீன் பிடிக்கிறவன் மீன் படத்த ஒட்டறான், அவன எவனாவது கேக்கறானா? நீங்கள்லாம் பதுங்கிப் பதுங்கித்தான் நம்மள வெளியூர்க்காரன் பைத்தியம்னு நினைக்கறான். என்னப் பாக்கட்டும். ஆலைக்குப் போறேன், வரி கட்டறேன், சர்ச்ல நாற்காலி மடக்கி வெக்கறேன்."

ஆரின் காபியைக் குடித்து முடித்தார். "என்கிட்ட என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும், ராய்ஸ்."

"உங்களுக்கே மறந்து போயிருக்கும், ஆரின்."

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் குப்பையில் போட்டேன்.

அவன் சொன்னதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மனைவி டார்லா அவனை விட்டுப் போன குளிர்காலத்தில் ஆலைக்குப் போவான், வருவான், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பான். என்னிடம்கூடப் பேசவில்லை. பெட்ரோல் பங்க்கில் யாரோ ஒருவர் அவனுடைய ஸ்டிக்கரைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை சுடும் களத்துக்குக் கூட்டிப் போனார். அந்தச் சனிக்கிழமை ஆட்கள்தான் பனிப்புயலில் மரம் கூரைமேல் விழுந்தபோது நான் போய்ச் சேருவதற்கு முன்னால் ரம்பத்தோடு வந்து நின்றவர்கள். கையளவு காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டி அவன் நண்பர்களைச் சம்பாதித்தான். அதைச் சுரண்டச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று நானே பல தடவை நினைத்ததுண்டு.

ஆலைக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது. அதனால் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை வண்டியில் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். இந்த மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, பட்டப்பகலில் நான்கு வண்டிகளின் பக்கக் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். அறுபதுக்கு மேல் வண்டிகள் நின்றிருந்தன. உடைந்த நான்கிலும் ஸ்டிக்கர் இருந்தது. ராய்ஸின் கைத்துப்பாக்கி போய்விட்டது. உள்ளே ஒரு குண்டு ஏற்றியபடி. அப்படியே வைத்திருப்பதுதான் அவன் வழக்கம். ஏற்றாத துப்பாக்கி வெறும் இரும்பு என்பான்.

புகார் கொடுக்க ஷெரிஃப் அலுவலகத்துக்கு அவனோடு நானும் போனேன். துணை அதிகாரி கெஸ்லர் என்னிடம் படித்தவள்.

"துப்பாக்கில அடிச்சிருக்கிற நம்பர் சொல்லுங்க, ராய்ஸ். திருட்டுப் பட்டியல்ல ஏத்திடறேன்."

"நம்பர் எழுதி வெக்கல. துப்பாக்கிக் கண்காட்சில ஒருத்தர்கிட்ட வாங்கினேன், தனியாள் வித்தா இங்க பதிவு ஒண்ணும் கிடையாதுல்ல. கைய குலுக்கினோம், அவ்வளவுதான். அவர் பேரு... தாடி வெச்சிருந்தார்."

"தாடி," என்று கெஸ்லர் பேனாவைக் கீழே வைத்தாள். "நம்பர் இல்லாம நான் எதைத் தேடறது? கறுப்புப் பிஸ்டல்னா இந்த மாவட்டத்துல நாய்க்குட்டிய விட அதிகம். நாளைக்கு எவனையாவது பிடிச்சு அவன் இடுப்புல அது இருந்தாக்கூட, உங்களுதுன்னு எனக்குத் தெரியாது. திருப்பி அவன்கிட்டயே குடுத்து அனுப்பிடுவேன்."

"படம் இருக்கு," என்றான் ராய்ஸ். முகம் தெளிந்தது. "நூத்துக்கணக்குல இருக்கு."

அங்கேயே போனில் தன் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். மேசைமேல், புல்வெளியில், பிறந்தநாள் கேக் பக்கத்தில். எல்லாவற்றிலும் எண் இருக்கும் இடத்தை அவனே கறுப்பாகத் தீற்றியிருந்தான். சனிக்கிழமைக் கூட்டத்தில் கற்றுக்கொண்டது அது. எண் தெரிந்தால் எவனாவது அது தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வருவானாம்.

கெஸ்லர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். "எல்லாத்தையும் காட்டிட்டு, எனக்கு வேணுங்கிறத மட்டும் மறைச்சிருக்கீங்க."

ராய்ஸ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வண்டியில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் அட்டை எண்ணை மறைக்கும் பழக்கத்துக்கு முந்தியது. படம் எடுத்த போன் ஏரியில் விழுந்துவிட்டது. அச்சடித்த கடை மூடிவிட்டது. அட்டைகள் மட்டும்தான்.

"நடீன், உன்கிட்ட அந்தக் கார்டு இருக்குல்ல?"

"இருக்கும். தேடிப் பாக்கறேன்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்த ஞாயிறே குப்பையில் போட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் கேட்டான், மாடியில் பார்க்கிறேன் என்றேன். அதற்கு மறுநாள், பள்ளிக்கூடத்தில் இருக்கலாம் என்றேன். நான் பத்திரமாக வைத்திருப்பேன் என்று நம்பி அவன் வேறு யாரையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் உண்மையைச் சொன்னேன். "சரி, பரவால்ல, அசிங்கமான கார்டுதான்," என்றான். அவன் திட்டியிருக்கலாம்.

பிறகு மீதி முப்பத்துநான்கு பேரை ஒவ்வொருவராகத் தேடிப் போனான். கிறிஸ்துமஸ் அட்டையை யார் மூன்று வருஷம் வைத்திருப்பார்கள்? சனிக்கிழமை நண்பர்கள்கூட வைத்திருக்கவில்லை. ஆலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மூன்று மாவட்டத்து அடகுக் கடைகளையும் சுற்றினான். ஒரு கடையில் நானும் கூட இருந்தேன். அதே மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்து எடுக்கச் சொன்னான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கீழே வைக்கவில்லை. கடைக்காரி லூவான் அவனுக்குப் பள்ளித்தோழி.

"அது உன்னுதில்ல, ராய்ஸ்."

"பிடில ஒரு கீறல் இருக்கும். உள்பக்கமா."

"கீறல் இல்ல. நாலு தடவ பாத்துட்ட. குடு கண்ணு இப்படி."

அவன் விரல்களை அவள்தான் ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

வானொலியில் எங்கே யார் சுடப்பட்டார்கள் என்று வந்தாலும் கெஸ்லருக்குப் போன் செய்வான். கார் கழுவும் இடத்தில் ஒரு பையன் செத்தான் என்று செய்தி வந்த அன்று அவன் குடித்த தண்ணீர்கூட வெளியே வந்துவிட்டது. அது நீளத் துப்பாக்கி, உங்களுடையது இல்லை என்று கெஸ்லர் சொன்னாள். "அப்பாடா," என்றான் சத்தமாக. பிறகு என்னைப் பார்த்தான். "ஒரு பிள்ள செத்திருக்கு, நான் அப்பாடாங்கறேன், நடீன்." அதன் பிறகு குழந்தைகளைப் பற்றியே பேச ஆரம்பித்தான். எந்த வீட்டிலாவது சோபா இடுக்கில் அது கிடக்கும். நாலு வயசுக் குழந்தை கை விடும். குண்டு ஏற்றித்தான் இருக்கிறது. வெறும் விசையை இழுத்தால் போதும். இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி சோபாவிலிருந்து ஆரம்பிப்பான்.

ஸ்டிக்கர்களை ஒரு காலையில் பிளேடால் சுரண்டினான். ஆரின் வேலியோரம் வந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். கேலி எதுவும் பேசாமல் உள்ளே போய்க் கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினாராம். ஐந்தும் வந்துவிட்டன.

கடைசியாகத்தான் ஓபல் அத்தை ஞாபகம் வந்தாள். அத்தை தனக்கு வந்த எந்த அட்டையையும் தூக்கிப் போட்டதில்லை, ஆல்பத்தில் ஒட்டி வைப்பாள். இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே நடந்ததை இல்லத்துச் செவிலி சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய அட்டை வேண்டும் என்றானாம். "அப்ப முதல் ஆல்பத்துல இருந்து வருவோம், அவசரப்பட்டா ஒட்டினது பிஞ்சிடும்," என்றாளாம் அத்தை. எண்பத்தொன்றாம் வருஷத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக அவன் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அட்டை வந்ததும் அத்தை, "நீ எவ்வளவு சந்தோஷமா இருக்க பாரு இதுல," என்றாளாம். அவளுடைய பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனான்.

வண்டியிலிருந்த உறையின் பின்பக்கம் எண்ணை எழுதியிருந்தான். ஏழு எழுத்துகள், அவனுடைய கோணல் கையெழுத்தில். யாருக்கும் போன் செய்யும் முன்னால் உயிர் போய்விட்டது. நான் அட்டையோடு இரண்டு தடவை ஒத்துப் பார்த்துவிட்டு, அன்று மாலையே கெஸ்லரிடம் வாசித்தேன்.

"ஏத்திட்டேன், மிஸ் ப்ரூயட்."

"இனிமே?"

"இனிமே எங்கயாவது சிக்கினா தெரியும். சிக்கணும்."

இன்றோடு பன்னிரண்டு நாள். சிக்கவில்லை. வானொலியில் செய்தி வந்தால் இப்போது நான் கெஸ்லருக்குப் போன் செய்கிறேன். அவளும் எரிச்சல்படாமல் எடுக்கிறாள். நேற்று நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அது இல்ல மேடம்," என்றாள். நானும் அப்பாடா என்றேன்.

இணையத்திலிருந்த படங்களையும் அவன் அழித்துக்கொண்டு வந்திருக்கிறான். அத்தையைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் வரை நூற்று முப்பத்தெட்டை அழித்திருந்தான். கடவுச்சொல் எனக்குத் தெரியாது. மீதி எழுபத்துநான்கு படங்கள் இன்னும் அங்கேயே இருக்கின்றன.