போஸ்ட்டை விடாதவர்

என் கணவருக்குப் பதக்கம் கிடைத்ததே இடத்தை விட்டு நகராமல் இருந்ததற்குத்தான். காஷ்மீரில் ஒரு பனிமேட்டில், மற்றவர்கள் பின்வாங்கிய பிறகும் காலில் குண்டோடு தன் போஸ்ட்டிலேயே கிடந்தாராம். நாட்டுக்கு அது நல்லதாக இருந்திருக்கும். அதே புத்தியோடு அந்தமானுக்கு வந்து இறங்கிய மனிதரோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

பாம்பூஃப்ளாட்டுக்கு உள்ளே, பட்டாளத்தில் இருந்தவர்களுக்கென்று சர்க்காரில் காட்டை வெட்டித் திருத்திய நிலம் கொடுத்திருந்தார்கள். நெல் போட்டால் மான் மேய்ந்தது. காய்கறி போட்டால் ஆப்பிரிக்க நத்தை தின்றது. விடிந்ததும் வாளியில் நத்தை பொறுக்கி உப்பைக் கொட்டுவது என் வேலை. மெட்ராஸ் கப்பல் கிளம்பும்போது ஊதுவது அங்கே வரைக்கும் கேட்கும். கேட்டதும் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

தாக்குப்பிடிக்க முடியாமல் ஒவ்வொரு குடும்பமாக ஊர் திரும்ப ஆரம்பித்தது. ரோடும் பள்ளிக்கூடமும் வேண்டுமென்றால் ஊரில் ஆள் இருக்க வேண்டுமே. அப்போது இவர் பிரதான், அதாவது பஞ்சாயத்துத் தலைவர். பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு கூட்டத்தில் எழுந்து நின்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னார்:

"என் வீட்டுலருந்து ஒருத்தரும் கப்பல் ஏற மாட்டாவ."

எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த மழைக்காலத்தில், என் அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தது. முகத்தைப் பார்த்துவிட்டு மறு கப்பலில் திரும்பிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். பிரதான் பெண்டாட்டியே பெட்டியைத் தூக்கிவிட்டாள் என்று பாதி ஊர் கிளம்பிவிடும் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கட்டி வைத்த டிரங்குப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கப்பல் ஊதியபோது நான் நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா போய்ச் சேர்ந்த செய்தி அடுத்த கப்பலில் வந்தது.

ரோடு வந்தது. பள்ளிக்கூடமும் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். இவரை நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் போட்டார்கள். ஃபெர்ரி ஏறி டவுனுக்குப் போய் அபர்டீன் பஜார் பக்கம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். 'ஃபவுஜி சாப்', பட்டாளத்து ஐயா என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, காரியத்தை மட்டும் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் ஒரு தேர்தலில், அவர் வாங்கிக் கொடுத்த ரோட்டிலேயே நடந்து வந்து அவரைத் தோற்கடித்துவிட்டுப் போனார்கள் ஊர்க்காரர்கள்.

மறுநாள் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து குண்டு பட்ட காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் பிள்ளைகள் முற்றத்தில் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"ஏட்டி, நாம ஊருக்கே போயிருவமா?" என்றார்.

எந்த ஊருக்கு? அங்கே எனக்கு வாசல் திறந்துவிட யார் மிச்சம்? கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"என் வீட்டுலருந்து ஒருத்தரும் கப்பல் ஏற மாட்டாவ" என்றேன்.

இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை அவரே மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன். மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.