வாயு மூலையில் ஒரு ஜெட் இன்ஜின்

ஜெட் இன்ஜினைப் பற்றிப் பாடம் நடத்துவது சுலபம். அந்த இன்ஜினைச் சுற்றியிருப்பவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் உத்தியோகம். வாத்தியார் வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

பெங்களூரில் விமான இன்ஜின் பழுது பார்க்கும் கூடத்தில் பல வருஷம் இருந்தேன். விடிவதற்குள் ரயிலைப் பிடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிழைப்பு அலுத்துப்போய், எங்கள் தங்கச் சுரங்க ஊரிலேயே, ராபர்ட்சன்பேட்டைப் பக்கம் புதிதாகத் திறந்த பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். முதலாளிக்குக் கடைவீதியில் பம்புசெட் கடை. ஏலத்தில் எடுத்த ஒரு பழைய சின்ன ஜெட் இன்ஜின்தான் நிலையத்தின் மொத்தச் சொத்து. வருஷக் கடைசியில் வெளியிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் பிள்ளைகள் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் சான்றிதழ், பெங்களூரில் வேலை. ஓடாவிட்டால் முதல் பேட்ச் மொத்தமும் வீட்டில்தான்.

அண்ணன் டர்பைன்

பாடத்தை நாலு வார்த்தையில் அடக்கிவிட்டேன்: உறிஞ்சு, அமுக்கு, எரி, தள்ளு. முன்னால் காற்றை உறிஞ்சி, கம்ப்ரஸரில் அமுக்கி, எண்ணெய் தெளித்து எரித்து, சூடான காற்றைப் பின்னால் தள்ளினால் விமானம் முன்னால் போகும். வெளியே போகிற வழியில் அந்தக் காற்று டர்பைன் என்ற சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம்தான் முன்னால் உள்ள கம்ப்ரஸரைச் சுற்றுகிறது. எரித்துக் கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு இதற்கே செலவாகிவிடும், மிச்சத்தில்தான் விமானம் பறக்கிறது.

கோகிலா எழுந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. தன் அண்ணனும் தினம் பெங்களூர் போய் வருகிறார், அவருடைய தெம்பெல்லாம் போய் வருவதற்கே செலவாகி, மிச்சம் இருப்பதில்தான் வேலையே பார்க்கிறார், அதுபோலத்தானே என்றாள். நான் தலையை ஆட்டித் தொலைத்தேன். பரீட்சையில் 'டர்பைனின் பணி யாது' என்ற கேள்விக்கு வகுப்பே அவள் அண்ணனைப் பற்றி எழுதி வைத்திருந்தது. கத்தித் தீர்த்தேன். கோகிலா மட்டும் அசரவில்லை.

"எல்லாருக்கும் சைபர் போடாதீங்க மிஸ். எங்கண்ணன் நெசமாவே அப்டித்தான் சுத்திக்கினு கீறாரு."

வாயு மூலை

இன்ஜினைத் தாங்கும் மேடையை முற்றத்தில் எப்படி அமைப்பது என்று முதலாளி என்னிடம் கேட்கவில்லை, வாஸ்துக்காரரிடம் கேட்டார். காற்றில் ஓடும் சாமான், அதன் வாய் வடமேற்கை, அதாவது வாயு மூலையைப் பார்க்க வேண்டும் என்றாராம் அவர். எங்கள் வாயு மூலையில் உடைந்த மதில். மதிலுக்கு அப்பால் சயனைடு மேடு, அதாவது சயனைடில் கரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு சுரங்கக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன மண். காற்று அடித்தால் ஊரே கதவைச் சாத்தும்.

நான் விடவில்லை. அந்தத் தூசி கம்ப்ரஸர் தகடுகளை அரம்போல் அராவும், சூட்டில் உருகி டர்பைனில் கண்ணாடியாய்ப் படியும், காற்றே இல்லாத நாளிலும் இன்ஜின் தானாகவே அதை இழுத்துக்கொள்ளும் என்று படம் போட்டு விளக்கினேன். பிள்ளைகளின் வேலை இதில் இருக்கிறது என்று கெஞ்சவும் செய்தேன். முதலாளி பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாம்மா நீங்க, பொறந்ததுலேர்ந்து ஊரே அந்தத் தூசியத்தான் இழுத்துக்கினு இருக்குது. நாம ஓடல? இரும்பு ஓடாதா?"

பூசணிக்காய்க் காசு

ஆயுத பூஜைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: இன்ஜின் வாயில் போட்ட மூடியைக் கழற்றக் கூடாது. நான் சுண்டல் வாங்கித் திரும்புவதற்குள் மூடியைக் கழற்றி, முகத்துக்குப் பொட்டு வைத்து, அதன் எதிரிலேயே காசும் குங்குமமும் அடைத்த பூசணிக்காயை ஓங்கி உடைத்துவிட்டார்கள். தெறித்த காசுகளில் ஒன்றைக் காணவில்லை.

ஒரு சின்னக் காசு உள்ளே இருந்தால் போதும், ஸ்டார்ட் செய்ததும் தகடுகளை வரிசையாக நொறுக்கிவிடும். இன்ஜின் செத்தது என்று அர்த்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. விடுமுறையென்றும் பாராமல் கோகிலாவும் மற்றவர்களும் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, நுனியில் கேமரா உள்ள குழாயை விட்டுத் துழாவினார்கள். முதல் வரிசைத் தகடுகளுக்கு அடியில், குங்குமச் சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இடுக்கியால் அதை எடுத்தபோது, கூட்டிப் பெருக்கும் முனியம்மாவுக்குத்தான் ஆற்றாமை.

"லட்சுமி தானா உள்ளார போனா, அத்தப் போயி இடுக்கி வெச்சி வெளிய இழுக்கிறியே மிஸ்ஸூ."

ஒரு போன்

பரிசோதகர் வரும் நாள் குறித்தாயிற்று. ஒருநாள் காற்றில் முற்றம் முழுக்க வெள்ளை படிந்தது. மூடியை எடுத்துப் பார்த்தால் இன்ஜினின் வாயும் வெள்ளை. முதலாளியிடம் மறுபடி பேசுவது வீண். நேராக வாஸ்துக்காரருக்கே போன் போட்டேன். தூசியைப் பற்றி மூச்சு விடவில்லை. பணிவாக ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்: "ஐயா, இந்தச் சாமான் காத்த வாங்குறது மெதுவா, விடுறதுதான் வேகமா. வேகமா விடுற பக்கத்த வாயு மூலைக்கு வெச்சா தோஷமா?"

அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. நான் படித்த படிப்பு அத்தனையும் அந்தப் புரட்டலில் காத்துக் கிடந்தது. அன்று மாலையே முதலாளி கடையிலிருந்து பெரிய ஸ்பானரோடு வந்து, மேடையைத் திருப்பிவைக்க அதன் போல்ட்டைத் தானே கழற்ற உட்கார்ந்துவிட்டார். வாஸ்துக்காரர் சொன்னது இவ்வளவுதான்:

"அது இன்னும் விசேஷம்மா, மொதல்லயே கேட்டிருக்கலாமே."

ஓடிய நாள்

அன்று இலைகூட அசையவில்லை. கழுவி விட்ட முற்றத்தில் பரிசோதகர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோகிலா பட்டனை அழுத்தினாள். இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. உள்ளே தேங்கிய எண்ணெய் வடியும் வரை காத்திருக்க வேண்டும். முதலாளி என் காதோரம் வந்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்றார், பம்புசெட் ஞாபகத்தில். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

இரண்டாம் முறை 'பொஃப்' என்று பற்றிக்கொண்டது. சத்தம் ஏறி ஏறி நெஞ்சை அதிரவைத்தது. சூடு கட்டுக்குள் இருந்தது. பரிசோதகர் கையெழுத்துப் போட்டார், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள், நான் ஓரமாகப் போய் மூக்கைச் சிந்தினேன். எல்லாரும் போன பிறகு கோகிலா மூடியைப் போட்டு இறுக்கிவிட்டு, மதிலுக்கு அப்பால் இருந்த மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்க சுரங்க லைன்ல அத்தினி வூடும் அந்த மேட்டப் பாத்துக்கினுதான் மிஸ் இருக்குது. அதையெல்லாம் திருப்புறதுக்கு யாருக்குப் போன் போடணும்?"

எந்த நம்பரை அழுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை, ஊரும் அந்தத் தூசியை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் அடுத்த பேட்சுக்கும் பாடத்தை 'உறிஞ்சு' என்ற வார்த்தையிலிருந்தே ஆரம்பித்திருக்கிறேன்.