பன்னிரண்டு நியான் டெட்ராவும் எங்கள் அத்தானும்

எங்கள் அத்தான் தன் நிழல் பின்னால் வந்தாலும் நிறுத்தி விசாரிக்கிறவர். ஒரு பெரிய கிடங்கின் வாசலில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவர் உத்தியோகம். அங்கே அவருக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். அந்தக் குணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரக் கூடாதா? கூரியர்காரர் வந்தால்கூட மூன்று கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டார்.

இவருக்கு வாக்கப்பட்டவள் என் அக்கா. வாயில் ஈ போனாலும் துப்ப யோசிப்பவள். அவர்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க அப்பா கையெழுத்து வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். அந்தக் காகிதம் ஒரு மாதமாக மாவு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. கேட்க மூன்று பேருக்கும் தைரியமில்லை. எனக்கு உண்டு, ஆனால் நான் வாயைத் திறந்தால் நடக்க இருந்ததும் நடக்காது என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதம் அத்தானுக்கு வேறு கவலை. இருபத்தைந்து வருடச் சேவைக்காகக் கம்பெனி கொடுத்த கண்ணாடித் தொட்டியில் செடிகள் அடர்ந்து வளர்ந்திருந்தன. ஒரு ஜோடி கௌராமி மீனும் இருந்தது. கூட்டமாகத் திரிகிற குட்டி மீன் சேர்த்தால் அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் கடைக்குப் போய், தொட்டி முன்னால் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புலி பார்ப் மீன் கௌராமியின் மீசையைக் கடிக்கும், வேண்டாம். டேனியோ ஓடுகிற ஓட்டமே சரியில்லை, எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறது மாதிரி. கடைசியில் நியான் டெட்ராவில் கண் நின்றது. அதிலும் உடம்பில் மின்னுகிற நீலக்கோடு சாயமோ என்று டார்ச் அடித்துப் பார்த்தார். தன் கண்ணெதிரே தீனி போடச் சொல்லி, ஓடி வந்து தின்ற பன்னிரண்டை விரலால் காட்டிப் பிடிக்க வைத்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அக்காவை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்துப் புகார் வந்தது. கடையில் ஒரே கூட்டமாக நீந்திய மீன், வீட்டில் மூலைக்கு ஒன்றாகத் திரிகிறதாம். கடைக்காரர் பையைக் கட்டும்போது மாற்றிவிட்டாராம். புதன்கிழமை சாயங்காலம் சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரருக்குக் கோபம் வரவில்லை. "மீன் மாறல சார். இங்க நாள் முழுக்க யாராவது கண்ணாடியத் தட்டுவாங்க, நான் வலைய விடுவேன். பயத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். உங்க வீட்டுல பயம் தெளிஞ்சிருச்சு, அதான் அது இஷ்டத்துக்குச் சுத்துது" என்றார்.

அத்தான் நம்பவில்லை. வழி முழுக்க, தப்பு பண்ணுகிறவன்தான் இப்படி நிதானமாகப் பேசுவான் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டுக் கேட்டில் கை வைத்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. பெரியவள் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். சின்னவள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அக்கா துணி மடித்தபடி ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கேட் கிரீச்சிட்டது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் ஒருவரும் இல்லை. சமையலறையில் மூன்று பேரும் அடுப்போரம் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"பாத்தியா, எப்பவும் இந்தக் குசுகுசுதான்" என்று என்னிடம் ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். தொட்டியருகே போனார். பன்னிரண்டும் செடிகளுக்குள் தனித்தனியாக மேய்ந்துகொண்டிருந்தன. நகத்தால் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த நொடி அத்தனையும் ஒரே கூட்டமாக மூலையில் ஒட்டிக்கொண்டன.

செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து அந்த மூலையையே பார்த்தார். பிறகு, "இவங்க தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

எனக்கு அடக்கி வைத்த ஆத்திரம். "கேட் சத்தம் கேட்டா இப்படித்தான் அத்தான். இருபது வருஷமா" என்றேன்.

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது. சமையலறைப் பக்கம் திரும்பாமலே பேசினார். "பெரியவளே, மாவு டப்பாக்கு அடியில இருக்கிற பேப்பர எடுத்துட்டு வா."

முதல் நாளே பார்த்திருக்கிறார் மனுஷன். எவ்வளவு நாள் மறைக்கிறார்கள் பார்ப்போம் என்று ஒரு மாதம் காத்திருந்திருக்கிறார். காகிதத்தோடு மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள். அத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள். குசுகுசுவென்றுதான் பேசினாள். "ஒரு வார்த்தை கேக்காமப் போட்டுட்டாருடி. மனசுல என்னமோ வெச்சிருக்காரு. எனக்கென்னவோ சந்தேகமாவே இருக்கு."

அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். கூடத்தில் நாற்காலியைத் தொட்டியிலிருந்து நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டு, அசையாமல் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். கேட்டுக்கு எண்ணெய் வேறு போட்டிருக்கிறாராம்.

"நீங்க எங்க இருக்கீங்க?" என்றேன்.

"சமையலறையிலதான். மூணு பேரும். கேட் சத்தமும் இப்ப கேக்கறதில்ல பாரு, இன்னிக்கு அவர் வந்ததே தெரியல, இனிமே எப்ப வருவார்னும் தெரியாது. அதான் இங்கயே நிக்கறோம்."